மாமன் மடி

அப்படி உத்துப் பாக்காதீங்கண்ணா. புள்ளைக்குச் சீக்கொண்ணும் இல்லீங்க. ஒட்டுவாரொட்டியும் இல்ல, தைரியமா ஒக்காருங்க. புருவத்துல முடி இல்லாததப் பாத்துப் போட்டு, இந்த எடத்துல இருந்த அம்மா எந்திரிச்சுப் போயிருச்சு. இப்ப பின்னால டயருக்கு மேல ஒக்காந்து குலுங்கிக்கிட்டு வருது. எனக்கென்னங்க போச்சு? நீங்க ஒருத்தருதான் மனுசராட்டம் வந்து ஒக்காந்தீங்க.

தூங்கட்டும். நேத்து ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல அதுக்கு. கோயிலுக்குப் போறமுன்னு சொன்னதுல இருந்து அத்தன சந்தோசம். காலையில நாஞ் சொல்லாமயே தண்ணி வாத்துக்கிட்டு, நோம்பிக்கு எடுத்த கவுனப் போட்டுக்கிட்டு, தலையில மொளச்சிருக்கற நாலு முடிக்குத் தண்ணியத் தொட்டு வெச்சுச் சீவிக்கிட்டு நிக்குது. மொட்டை அடிக்கப் போறவளுக்கு எதுக்குடி சீப்புன்னு கேட்டேன். சிரிச்சுக்கிச்சு. சரி, சிரிக்கட்டும்னு உட்டுட்டனுங்க.

என்ற தம்பி புள்ளைங்க. நான் அத்தை. தர்ணிகான்னு பேரு, நாலாவது படிக்குது. தம்பி லோகநாதன் திருச்செங்கோட்டுல ரிக் வண்டி வெச்சிருக்கான். போர் போடற வண்டிங்க. சத்தீஸ்கருக்குப் போனான்னா அங்க மழை புடிச்சாத்தான் ஊட்டுக்கு வருவான். பூமிக்குள்ள எத்தன அடியில தண்ணி இருக்குதுன்னு சொல்லீருவான், ஊட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு கேட்டாத் திருதிருன்னு முழிப்பான். போன் பண்ணுனா, "நீயே பாத்துக்கக்கா"ம்பான். பாத்துக்கிட்டுத்தான இருக்கறேன். என்னைய உட்டா அந்த ஊட்டுல ஆரு இருக்கறாங்க?

அம்மாங்களா? இருக்கறா. குத்துக்கல்லாட்டம் இருக்கறா. அதைத்தான் சொல்ல வர்றேன்.

மொதல்ல நான் எப்படி இங்க வந்தன்னு சொல்லீர்றேன். என்னையக் கட்டிக் குடுத்த எடத்துல புள்ளையில்லைன்னு சொல்லித் தாட்டி உட்டுட்டாங்க. அவங்க ஊட்டு மாடு கன்னு போடலைன்னாக் கூட வைத்தியம் பாப்பாங்க, எனக்குப் பாக்கலீங்க. பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்து தம்பி ஊட்டு வாசல்ல எறங்குனேன். அப்ப இது தொட்டல்ல கெடக்குது. எடுத்து மார்ல போட்டேன், கப்புனு ஒட்டிக்கிச்சு. அன்னைக்கே நெனச்சுக்கிட்டேன், பெத்தாத்தான் புள்ளையான்னு.

ஆனா பெத்தவ ஒருத்தி ஊட்டுல இருந்தாளே. கோகிலவாணி. பேருதான் கோகிலவாணி, வாயத் தொறந்தா ஆறு ஊருக்குக் கேக்கும். நான் புள்ளைக்குச் சோறு ஊட்டுனா, "நங்கை, நீங்க உடுங்க, நான் பாத்துக்கறேன்"னு வட்டலப் புடுங்கிக்குவா. பொழுதோட புள்ளைய முன்னால ஒக்கார வெச்சு, எண்ணெய தேச்சு, ரெட்டைச் சடை பின்னுவா. என்னமோ தேருக்குச் சோடிக்கற மாதிரி அத்தன நேரம் பின்னுவா. பின்னிக்கிட்டே ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிக்குவாங்க. நான் போனா நிறுத்திக்குவாங்க. என்ன பேசுவாங்களோ, சாமிக்குத்தான் வெளிச்சம்.

புள்ளை ரெண்டாவது படிக்கறப்ப, கோகிலாவோட அப்பன் செத்துட்டாருங்க. சம்மந்தி ஊட்டுக்கு எழவு சொல்றதுன்னா மொறையா ஆள் வந்து சொல்லோணுமில்லீங்களா? போன்ல சொல்றாங்க. அதுவும் அவளுக்குத்தான் சொல்றாங்க, எங்களுக்கில்ல. தம்பி வடக்க இருக்கறான். இரு, அவங்கிட்டக் கேட்டுப் போட்டுப் போலாமுன்னேன். இருந்தாளா? தலைவிரி கோலமா, பக்கத்தூட்டுப் பையன் வண்டியில ஏறி ஓடுனவதான். புள்ளை பள்ளிக்கோடத்துல இருக்குது. அதுகிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

மொறையாச் சொல்லாத கேதத்துக்கு எப்படிங்க போறது? நாங்க போகலை. கேதத்துக்கே போகாதவங்க, அப்பறம் அவளக் கூப்புடறதுக்கு எந்த மொகத்த வெச்சுக்கிட்டுப் போறது? அதனால கூப்புடவும் போகலை. காரியமெல்லாம் முடிஞ்சு அவளா வந்து கேட்டுக்கு முன்னால நின்னா. புருசன் வந்து கூப்புட்டாத்தான பொண்டாட்டி? தானா வந்தா அதுக்குப் பேரு வேற. கேட்டப் பூட்டிப்போட்டு உள்ள வந்துட்டேன். வெயில்ல நின்னா, நின்னா, நின்னுக்கிட்டே இருந்தா. புள்ளை மாடி ஜன்னலப் புடிச்சுக்கிட்டுக் கத்துது. நாந்தான் எடுத்து மடியில வெச்சுக்கிட்டுச் சொன்னேன், உங்கம்மா நகைய எடுத்துட்டுப் போக வந்திருக்கறா கண்ணு, உன்னையக் கூப்புட வரலைன்னு. பொய்யுன்னு நெனைக்காதீங்க. நகையும் அவ பீரோவுலதான இருந்துச்சு.

அதோட கத்தறத நிறுத்திக்கிச்சு. கப்சிப். நானும், அடடே, புள்ளைக்கு விவரம் தெரிஞ்சு போச்சுன்னு சந்தோசப்பட்டேன்.

அப்பறந்தான் ஒவ்வொண்ணா ஆரம்பிச்சுச்சு. மொதல்ல என்ன பண்ணுச்சு தெரியுமுங்களா? பள்ளிக்கோடத்து ஷூவப் போட்டுக்கிட்டே படுக்கும். கழட்டுனா அழுகும். தூங்குனதுக்கு அப்பறம் கழட்டி வெச்சா, காலையில மறுபடியும் கால்ல மாட்டிக்கிட்டுப் படுத்திருக்கும். ஏண்டின்னு கேட்டா, "அம்மா வந்தா ஒடனே போலாமுல்ல"ங்குது. எடுத்து அடுப்புல போட்டனுங்க. புது ஷூதான், போனாப் போகட்டும். அடியாத மாடு படியாது.

பொறவு படுக்கையில ஒண்ணுக்குப் போக ஆரம்பிச்சுச்சு. ரெண்டாவது படிக்கற புள்ளைங்க! எனக்கு வெச்சுச்சு பாருங்க ஒரு வேலை. நான் சத்தம் போடல, அடிக்கல. நனஞ்ச பெட்சீட்ட எடுத்து முன்னால கேட்டு மேல காயப் போட்டேன். வேன் வந்து நிக்கற எடத்துல. வேன்ல இருக்கற புள்ளைங்க எல்லாம் பாத்து, மூக்கப் புடிச்சுக்கிட்டு ஓன்னு சிரிச்சுதுங்க. ஒரு வாரம் போட்டேன், நின்னு போச்சு. எப்படின்னு கேளுங்க. தண்ணி குடிக்கறதையே நிறுத்திக்கிச்சு. மத்தியானத்துக்கு மேல ஒரு முழுங்கு எறக்காது. ஒதடெல்லாம் வெடிச்சுப் போயிருக்கும். இருந்தாலும் ஒரு வைராக்கியம் வந்துச்சு பாருங்க, எங்க வகையறா ரத்தமாச்சே.

இந்த முடி சமாச்சாரம் எப்ப வந்துச்சுன்னா, சடையில இருந்துதான். நானும் பின்னி உடலாமுன்னு ஆசையா ஒக்கார வெச்சேன். ஆசையாத்தாங்க. எனக்கும் ஒரு புள்ளை தலையில கை வெச்சுச் சடை போடோணுமுன்னு இருக்காதா? நல்லாத்தான் போட்டேன். கண்ணாடியப் பாத்துப்போட்டு, "அம்மா பின்ற மாதிரி இல்ல"ங்குது. அவுத்துப்போட்டு மறுபடி பின்னுனேன். "அம்மா இப்படி இழுக்காது"ங்குது. மூணாவது தடவையும் அம்மாங்குது. எனக்கு வந்துச்சு பாருங்க, எங்கிருந்துதான் வந்துச்சோ. கத்திரிக்கோல எடுத்தேன், ரெண்டு சடையையும் காதோட ஒட்டுனாப்பல கத்தரிச்சு உட்டுட்டேன். பாப் கட்டிங். இப்ப அதுதான பேசனு? வேர்வை தங்காது, பேன் புடிக்காது. ஊருல எல்லாரும் நல்லாருக்குதுன்னுதான் சொன்னாங்க.

புள்ளை அழுகல. கீழ கெடந்த சடையவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு. அதுல இருந்துதான் கை தலைக்குப் போறது. டிவி பாக்கறப்ப, எழுதறப்ப, சும்மா இருக்கறப்பக் கை மேலதான். நானும் அரிப்புன்னு நெனச்சேன். ஒரு நாளைக்குத் தலை தொவட்டறப்பப் பாத்தா, உச்சியில வழவழன்னு ஒரு வட்டம். பூச்சிவெட்டுன்னாங்க. சின்ன வெங்காயத்தையும் மொளகையும் உப்பையும் வெச்சு அரச்சு, தேய் தேய்னு தேச்சேன். எரியுதுன்னு குதிக்கும். காலுக்கெடையில அமுக்கி வெச்சுக்கிட்டுத் தேப்பேன். எனக்கும் கை எரியுமில்லீங்களா? அதையெல்லாம் ஆரு நெனச்சுப் பாக்கறாங்க. ஒரு வட்டம் ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு.

பள்ளிக்கோடத்து டீச்சர் ஒருத்தி என்னையக் கூப்புட்டு உட்டா. நேத்துப் பொறந்தவ. "இது பூச்சிவெட்டு இல்லைங்க, புள்ளைதான் புடுங்குது. மனசுல ஏதோ இருக்குது. ஈரோட்டுல நல்ல டாக்டர் இருக்காங்க, கூட்டிட்டுப் போங்க. அவங்கம்மா எங்க இருக்காங்க?" அப்படீன்னு அடுக்கிக்கிட்டே போறா. ஏம்மா, எங்க குடும்பத்துல ஏழு தலைமொறையா ஒரு பைத்தியம் கெடையாது, உங்க ஊட்டுல இருக்குதான்னு கேட்டேன். மொகம் இத்துனூண்டாப் போச்சு அவளுக்கு. அடுத்த மாசமே வேற பள்ளிக்கோடத்துக்கு மாத்திட்டேன். அங்க குல்லாப் போட்டுக்கிட்டு வந்தா ஆரும் ஒண்ணும் கேக்கறதில்ல.

அப்பத்தான் எங்க கொலதெய்வங் கோயில்ல போய்ப் பூக் கேட்டோம். உங்க பக்கம் எப்படீங்க, பூக் கேப்பாங்களா? அதே மாதிரிதான். வெள்ளப் பூவும் செவப்புப் பூவும் பொட்டணங் கட்டி அம்மன் காலடியில போடறது. வெள்ளை வந்தா உத்தரவு. பூசாரி கேட்டாரு, மொத மொட்டைக்குத் தாய்மாமன் மடியில வெச்சுத்தான முடி எறக்குனீங்கன்னு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. எறக்கலைங்க! அந்த மாதேசு, கோகிலா கூடப் பொறந்தவன், மொட்டைக்குச் சீர் கொண்டாந்தான் பாருங்க, தட்டத்துல தேங்காயும் பழமும் ஓடிப்புடிச்சு வெளையாடுது. சபையில வெச்சு நான் நாலு வார்த்தை கேட்டேன், தொரைக்கு ரோசம் வந்து எந்திரிச்சுப் போயிட்டான். நல்ல நேரம் முடியுதேன்னு தம்பி மடியிலயே வெச்சு அடிச்சுட்டோம். பூசாரி, "அதுதான் கொறை. மாமன் மடியில ஒக்காத்தி எறக்கறதுன்னா அம்மன் உத்தரவு குடுக்கட்டும்"னு சொல்லி, தர்ணியவே பொட்டணம் எடுக்கச் சொன்னாரு. பிரிச்சா வெள்ளப் பூ.

சரி, இப்ப நீங்க எந்த ஊரு? கொமாரபாளையத்துக்கு அந்தப் பக்கமா? எந்தக் கொலம், என்ன கூட்டமுங்க?

அட! அப்படீங்களா? நெசமாவா சொல்றீங்க? அப்ப நான் உங்களை அண்ணான்னு கூப்புட்டதே தப்புங்க. கோகிலா பொறந்த ஊடும் அதே கூட்டந்தான். நீங்க எனக்கு மச்சான் மொறை ஆகோணும். அண்ணன வாபஸ் வாங்கிக்கறேன், கோவிச்சுக்காதீங்க. பஸ்ஸுல ஒக்காந்த எடத்துல சொந்தம் வந்து ஒட்டிக்குது பாருங்க. இந்தாங்க, தண்ணி குடிங்க. முறுக்கு இருக்குது, எடுத்துக்கங்க.

எங்க உட்டேன்? ஆங், மாதேசு. வேற வழியில்லாம ஆள் உட்டுக் கூப்புட்டோம். வந்தான். வந்தவன் தனியா வந்தானா? பின்னாலயே அவ. கோயிலு எல்லாத்துக்கும் பொது, வராதன்னு சொல்ல முடியாது. ஆனா நாஞ் சொல்லீட்டேன், உத்தரவு மாமனுக்குத்தான், ஆத்தாளுக்கில்ல, வேப்பமரத்துக்கு அந்தப் பக்கமே நிக்கோணும்னு. நின்னா. புள்ளை மாமன் மடியில ஒக்காந்துக்கிட்டு, கழுத்த நீட்டி நீட்டி மரத்தையே பாக்குது. நாசுவர், "ஆடாத கண்ணு, கத்தி பட்டுரும்"கறாரு. ரெண்டு எடத்துல பட்டும் போச்சு, ரத்தம் வருது. அது சிரிக்குதுங்க! தலையில ரத்தம் வழியுது, பல்லெல்லாந் தெரியச் சிரிக்குது. பூசாரி பாத்துப்போட்டு, அம்மன் எறங்கீருக்குதுன்னாரு. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. அந்தப் பக்கமிருந்து அவ ஓடியாந்து கீழ கெடந்த முடிய ஒரு புடி அள்ளி முந்தானையில முடிஞ்சா. எங்கூட்டுப் புள்ளை முடி, ஆத்துல உடறது எங்க மொறைன்னு சொல்லி வாங்கி உட்டுட்டேன்.

அதுக்கப்பறம் பாக்கோணுமே. சோறு திங்குது, தண்ணி குடிக்குது, பாட்டுக் கூடப் பாடுது. முடி கருகருன்னு மொளச்சுச்சு. ஊரெல்லாஞ் சொன்னேன், எங்க அம்மன் சக்திய. நாலு பேரு அவங்க புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு அந்தக் கோயிலுக்குப் போனாங்க. ஒரு நாள் வந்து கேக்குது, "அத்தை, எனக்கு முடி நல்லா மொளச்சுருச்சு. அடுத்த மொட்டை எப்ப?" அடுத்த மொட்டையெல்லாம் கெடையாது, வேண்டுதல் முடிஞ்சுதுன்னேன். சரீன்னு போச்சு.

பாத்தா, கொஞ்ச நாள்ல மறுபடியும் உச்சி வழவழங்குது. நான் அம்மனுக்கு என்ன கொறை வெச்சமோன்னு பதறிப் போனேன். கெடா வெட்டாததுதான் கொறையோன்னு, கெடாயும் வெட்டி, மறுபடியும் மாமனக் கூப்புட்டு, மறுபடியும் மொட்டை. மறுபடியும் அவ மரத்துக்குப் பின்னால. மறுபடியும் இது சிரிக்குது. மறுபடியும் முடி மொளைக்குது. மொளச்சுக் கொஞ்ச நாளு கூட ஆகல, மறுபடியும் சொட்டை. நானே சொல்லீட்டேன், இந்த அம்மனுக்கு முடி மேல என்ன இத்தன ஆசைன்னு.

அப்பறந்தான் கையும் களவுமாப் புடிச்சேன். மதியம் ஒரு நாள் தூங்கறேன்னு சொல்லிப்போட்டு, கட்டலுக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒக்காந்திருக்குது. ஒத்த ஒத்த முடியா, வெரல்ல சுத்தி, பொட்டுனு இழுக்குது. மொகத்துல ஒரு வலியும் தெரியல. பூப் பறிக்கற மாதிரி பறிக்குது. மடியில ஒரு குவியலு. தலைமயிரப் புடிக்கலாமுன்னா மயிரே இல்லையே, காதப் புடிச்சு எழுப்பி ஏண்டின்னு கேட்டேன். அது என்ன சொல்லுச்சு தெரியுமுங்களா?

"முடி போனாத்தான மாமா வருவாங்க. மாமா வந்தாத்தான அம்மா வரும்."

எப்படி இருக்குது பாருங்க! எட்டு வயசுல எத்தன நெஞ்சழுத்தம்! நான் சாமின்னு நெனச்சு, கெடா வெட்டிப் பொங்க வெச்சு, ஊரையே கூப்புட்டுச் சோறு போட்டிருக்கறேன். இது சாமியவே ஏமாத்தியிருக்குது. ஆத்தாளப் பாக்கோணும்னா வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதான? கேட்டா உடுவனா, மாட்டனா, அது வேற. கேக்கோணுமில்ல? இப்படிக் கமுக்கமா வேலை பாக்கறது ஆரு சொல்லிக் குடுத்தது? தாயப் போல புள்ளை, நூலப் போல சேலை. அவதான் மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து கண்ணு சாடையில சொல்லிக் குடுத்திருக்கோணும்.

நான் பத்து நாளு அழுதனுங்க. பொய் சொல்லல. ராப்பகலா முழிச்சு, வெங்காயம் அரச்சு, சோறு ஊட்டி வளத்தவ நானு. அதுக்குத் தலையில ஒரு முடி மிஞ்சாட்டிப் போகுது, அந்த மரத்தடியில நிக்கறவ மொகம்தான் வேணும். எனக்கு வவுறு எரிஞ்சு போச்சு. அப்பறம் மொளகாயக் கரச்சு வெரல் நுனியில தடவி உட்டேன். தலைக்குக் கை போனாக் கண்ணெரியும், அப்ப மறந்துருமில்ல. படுக்கறப்பத் துண்டுல ரெண்டு கையையும் சேத்துக் கட்டி உட்டேன். முடிய உட்டுட்டுது. உட்டுப்போட்டுப் புருவத்துக்கு வந்துருச்சு. புருவம் முடிஞ்சு இப்ப எமை. கண்ணு கோழிக்கண்ணாட்டம் ஆயிப்போச்சு, நீங்களே பாத்தீங்கல்ல. கையத்தான் கட்டி வெச்சிருக்கறனே, எப்படிப் புடுங்குதுன்னு பாத்தா, செவுத்துல மொகத்த வெச்சுத் தேச்சுத் தேச்சு எடுக்குது.

தம்பி போன மாசம் வந்தான். மொகத்தப் பாத்துப்போட்டு வாசல்லயே நின்னுட்டான். "அக்கா, அவளக் கூட்டியாந்தர்லாமா"ன்னான். ஆமா, நல்ல ரோசனை, அவ வரட்டும், நான் பொட்டியக் கட்டறேன், எனக்குத்தான் போறதுக்கு ஆயிரம் ஊடு இருக்குதேன்னேன். மழை நின்னதும் வண்டியேறிட்டான். கோர்ட்டுல புள்ளையக் கேட்டு அவ ஒரு கேசப் போட்டிருக்கறா, அதுபாட்டுக்கு வாய்தா வாய்தான்னு நடந்துக்கிட்டிருக்குது. அது முடியறதுக்குள்ள புள்ளைக்குக் கல்யாணமே ஆயிரும்.

அதனால நானா ஒரு வைத்தியம் கண்டு புடிச்சேன். நல்ல வைத்தியமுங்க. அந்த ஈரோட்டு டாக்டரு கூட இப்படி ரோசனை பண்ணியிருக்க மாட்டாரு. இது எதுக்குப் புடுங்குது? முடி போனா ஆத்தா வருவான்னு புடுங்குது. சரி, முடி போகட்டும். மொட்டை அடிக்கட்டும். மாமன் மடியிலயே ஒக்காரட்டும். ஆத்தா மட்டும் வரக்கூடாது. மரத்தடியப் பாக்கும், ஆருமிருக்க மாட்டாங்க. பாக்கட்டும், நல்லாப் பாக்கட்டும். ஒருக்காப் பாத்துட்டா, முடி போனாலும் ஒண்ணும் நடக்காதுன்னு மனசுல உழுந்துரும். அதுக்கப்பறம் எதுக்குப் புடுங்கப் போகுது? ஆசைய வேரோட புடுங்கிட்டா முடி தானா நிக்கும். என்ன சொல்றீங்க?

மெதுவாப் பேசுங்க, முழிச்சுக்கும். அதுகிட்ட மாமா வருவாங்கன்னு மட்டுந்தான் சொல்லியிருக்கறேன். மாதேசு கிட்டச் சொல்லவே இல்ல. சொன்னாத்தான் அவளையும் கூட்டிக்கிட்டு வந்துருவானே. அப்ப மடிக்கு என்ன பண்றதுன்னு பூசாரியக் கேட்டேன். "கூடப் பொறந்தவந்தான்னு இல்லம்மா, தாய் ஊட்டுக் கூட்டத்துல மாமன் மொறையில ஆரு வந்து ஒக்காந்தாலுஞ் செல்லும்"னுட்டாரு. எங்க ஊருல அந்தக் கூட்டத்து ஆளு ஒருத்தரு ரைஸ் மில்லுல இருக்கறாரு. வர்றேன்னு தலையடிச்சுச் சத்தியம் பண்ணுனாரு. காலையில பஸ் ஸ்டேண்டுல நின்னு போன் போடறேன், போட்டுக்கிட்டே இருக்கறேன், எடுக்கறதில்ல. அவரு பொண்டாட்டிக்கு விசயம் தெரிஞ்சு போச்சாட்டம் இருக்குது. அவ ஏதாவது சொல்லியிருப்பா. பொம்பளைக்குப் பொம்பளையே எதிரிங்கறது இதுதானுங்க.

வந்தது வரட்டும்னு பஸ் ஏறிட்டேன். மனசுக்குள்ள அம்மனத்தான் வேண்டிக்கிட்டு வந்தேன், ஒரு மாமனக் காட்டு தாயேன்னு. இத்தன சீட்டு காலியா இருக்கறப்ப நீங்க ஏன் எம் பக்கத்துல வந்து ஒக்காரோணும்? நாங் கேட்டதும் நீங்க ஏன் இந்தக் கூட்டம்னு சொல்லோணும்? சும்மா நடக்குமுங்களா இதெல்லாம்?

ஒரு கால் மணி நேரந்தானுங்க. திண்டுல சம்மணம் போட்டு ஒக்காந்துக்கங்க. மடியில வெச்சுக்கிட்டுத் தோளப் புடிச்சுக்கங்க, அம்புட்டுத்தான். சீரெல்லாம் நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், துணி, தேங்கா, பழம் எல்லாம் பையில கொண்டாந்திருக்கறேன், உங்க கையில குடுத்து வாங்கிக்கறேன். கொஞ்சம் திமிறும். தோள்பட்டைய நல்லா அழுத்திப் புடிச்சீங்கன்னா அடங்கீரும். எலும்புதான, கனமெல்லாம் இருக்காது. கடிக்கற பழக்கமெல்லாம் கெடையாது, நல்ல புள்ளை.

ஏனுங்க, என்னமோ மாதிரி இருக்கறீங்க? முறுக்கு தொண்டையில சிக்கிக்கிச்சா? தண்ணி குடிங்க. கண்ணு கலங்குதே, காரமா போட்டிருக்காங்களா? எந்திரிச்சுட்டீங்களா? அதுக்குள்ள எந்திரிச்சுட்டீங்க, இன்னும் பாலம் தாண்டோணும். பரவால்ல, பரவால்ல. வர்றேன்னு வாயில சொல்லாட்டியும் எந்திரிச்சு நின்னுட்டீங்க, அது போதுமுங்க எனக்கு. நீங்க நல்லா இருப்பீங்க, உங்க புள்ளை குட்டி நல்லா இருக்கும். கண்டக்டரு, கோயில் பிரிவுல நிப்பாட்டுங்க, மூணு பேரு எறங்கோணும்.

தர்ணி. ஏய் தர்ணி. எந்திரி கண்ணு, கோயிலு வந்துருச்சு. குல்லாய நேராப் போட்டுக்க. மொகத்தத் தொடச்சுக்க. இங்க பாரு, ஆரு வந்திருக்காங்கன்னு பாரு. மாமா. அந்த மாமா வரலை, இவங்களும் மாமாதான், உங்கம்மா ஊட்டு ஆளுங்க. கையெடுத்துக் கும்புடு.

அங்க என்ன பாக்கற? இந்தா, மாமா மொகத்தப் பாருடி. அவங்களுக்குப் பின்னால எதுக்கு எட்டி எட்டிப் பாக்கற? சீட்டுக்கு அடியில என்ன குனிஞ்சு பாக்கற? பின்னால ஆருமில்ல கண்ணு. இவங்க மட்டுந்தான் வந்திருக்காங்க.